சாணி மெழுகிய ஹெலிபேடு

போன வாரம் என் மகன் கைப்பேசியில் ஒரு வீடியோ காட்டினான். ஏதோ ஒரு நாட்டுத் தலைவர் பறக்கிற விமானத்தின் உட்புறம். கட்டில், சோபா, கூட்டம் நடத்த நீள மேசை, வைத்தியம் பார்க்கத் தனி அறை. "பாரும்மா, வூடு மாதிரியே கீது" என்றான். எனக்கோ குப்பென்று சாணி வாடை அடித்தது. சிரிக்காதீர்கள். பெரிய மனிதர்களின் விமானம், ஹெலிகாப்டர் என்று எதைப் பார்த்தாலும் எனக்கு அந்த வாடைதான் வரும்.

நான் பொதட்டூர்பேட்டையில் ஒரு துணிக்கடையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த சமயம். குடியரசுத் தலைவர் திருத்தணி மலைக்குச் சாமி கும்பிட வருகிறார், ஹெலிகாப்டரில் வருகிறார் என்று ஊரெல்லாம் பேச்சு. இறங்க இடம் தேடி ஜீப்பில் வந்தவர்கள் எங்கள் நிலத்தின் ஓரம் நிறுத்தினார்கள். சமதளம், ரோட்டை ஒட்டியது, மேலே கரண்ட் கம்பி கிடையாது. எங்களுக்கென்று இருந்ததே அந்த ஒரு துண்டுதான். அதில் அப்போது வேர்க்கடலை நின்றது. பூ உதிர்ந்து, விழுது மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்த பருவம்.

வந்தவர்களில் மூத்த அதிகாரி நைனாவின் தோளில் கை வைத்தார். ஆந்திர எல்லையோர ஊர் என்பதால் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். "அவர் போன மறுநாளே மண்ணைப் பழையபடி ஆக்கிக் கொடுத்துடுவோம், பெரியவரே" என்றார். நைனா உடனே தலையாட்டினார். "நம்ம நெலத்துல வந்து எறங்கறாரு. வாணாம்னு சொல்ல முடியுமா?" என்று அம்மாவிடம் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த களையை அதற்குப் பிறகு நான் பார்த்ததேயில்லை.

என் யோக்கியதை இன்னும் மோசம். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் "எங்க நெலத்துலதான் ஹெலிகாப்டர் எறங்குது" என்று சொல்லிச் சொல்லி, முதலாளியே "ஆங், சொன்னே சொன்னே, லுங்கிய மடிச்சி வை" என்று விரட்டும்படி ஆயிற்று. குடியரசுத் தலைவர் படியிறங்கும்போது கண்ணில் படட்டும் என்று பச்சைப் புடவை ஒன்றுகூட எடுத்து வைத்திருந்தேன்.

பிஞ்சுக் கடலையோடு செடிகளைப் பிடுங்கினோம். அம்மா ஒரு காயைப் பிதுக்கிப் பார்த்தாள்; பால்தான் வந்தது. மேல்மண்ணைச் சுரண்டி வரப்போரம் குவித்தார்கள். லாரி லாரியாகச் சரளையும் ஜல்லியும் கொட்டி ரோடு ரோலரை ஓட்டினார்கள். நைனா ரோலருக்குப் பின்னாலேயே நடந்துகொண்டு, "நல்லா கெட்டியா போடுங்க சார், அமுங்கிடப் போவுது" என்று கல்யாண வீட்டுக்காரர் மாதிரி மேற்பார்வை பார்த்தார்.

எல்லாம் முடிந்ததும் தூசு கிளம்பியது. தண்ணீர் லாரி அடித்துவிட்டுப் போனால் வெயிலில் உடனே காய்ந்துவிடும். அதிகாரிகள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். நெல்லும் கடலையும் அடிக்கிற களத்தை நாங்கள் என்ன செய்வோம்? சாணி மெழுகுவோம். நைனா அதையேதான் சொன்னார்: "களம் மாதிரி மெழுவிட்டா கப்புனு புடிச்சிக்கும் சார். தூசே கெளம்பாது." அவர்கள் எப்படித்தான் தலையாட்டினார்களோ. நாங்களும் அக்கம்பக்கத்தாரும் குனிந்த தலை நிமிராமல் அவ்வளவு இடத்தையும் மெழுகினோம். அதன்மேல் சுண்ணாம்பில் ஒரு வட்டம் போட்டு, நடுவே ஹெச் எழுதினார்கள்.

ஒத்திகைக்கு ஒரு ஹெலிகாப்டர் வந்தது. இறங்கியதுதான் தாமதம், காய்ந்த சாணி அப்பளம் அப்பளமாகப் பெயர்ந்து பறந்தது. வெள்ளைச் சட்டைகள், போலீஸ் தொப்பிகள், பூங்கொத்து ஒத்திகைக்கு நின்றவர்கள், யாரையும் விடவில்லை. என் பாவா, அதாவது அக்காள் புருஷன், வாயில் விழுந்ததைத் துப்பிவிட்டு, "மாமா, அவருக்கும் இதே மரியாதைதானா?" என்று கேட்டார். சிரித்து மாளவில்லை. எங்கள் வீட்டில் எல்லாரும் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி என்று நினைக்கிறேன். சாணியை வழித்தெறிந்துவிட்டு இன்னும் ஜல்லி கொட்டி, இன்னும் ரோலர் ஓட்டினார்கள்.

அந்த நாளும் வந்தது. விடியும்போதே மலையைக் காணோம். மேகம் அப்படியே இறங்கி மூடிக்கொண்டிருந்தது. கட்டியிருந்த தடுப்புக்குப் பின்னால் பச்சைப் புடவையில் நான் நின்றேன். மேகத்துக்கு மேலே சத்தம் கேட்டது. வந்தது, சுற்றியது, கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து போனது. வானிலை சரியில்லை, திரும்பிவிட்டார் என்று மைக்கில் சொன்னார்கள். நைனா மட்டும் வெகுநேரம் அண்ணாந்துகொண்டே இருந்தார். "வந்துகினு கீறாங்க, இரு" என்றார் அம்மாவிடம்.

மறுநாள் யாரும் வரவில்லை. அதற்கடுத்த நாள் லாரிகள் வந்து, குவித்து வைத்திருந்த மேல்மண்ணை அள்ளிப்போயின. அதைத்தான் திரும்பப் பரப்பப்போகிறார்கள் என்று நம்பி நாங்களும் ஒதுங்கி வழிவிட்டோம். வேறெங்கோ பள்ளம் நிரப்பப் போயிருக்கிறது. நைனா கேட்கப் போன இடத்தில் தோளில் கை வைத்த அதிகாரி மாற்றலாகியிருந்தார்.

டிராக்டர் விட்டோம், கலப்பைக் கொழு எகிறியது. கடப்பாரையால் அங்கங்கே கொத்தி விதை போட்டார் நைனா. முளைத்தது, மஞ்சளித்தது, கருகியது. மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்காமல் தட்டில் நிற்பதுபோல் நின்றது. ஊர்க்காரர்கள்தான் கண்டுபிடித்தார்கள், அதைவிட நல்ல களம் சுற்றுவட்டத்தில் கிடையாது என்று. "மாமா, மல்லாட்ட காயப் போட்டுக்கட்டா?" என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். நைனா எழுந்துபோய் அவர்களுக்காகப் பெருக்கிவிட்டு வருவார். அடுத்தவர் கடலை எங்கள் நிலத்தில் காயும். எனக்கு ஆத்திரத்தில் கத்த வேண்டும்போல் இருக்கும். யாரைப் பார்த்துக் கத்துவது?

இரண்டு வருஷத்துக்கு முன் நைனா போய்விட்டார். எங்களில் சொந்த நிலத்திலேயே புதைப்பது வழக்கம். குழி வெட்டப் போனவர்கள் கடப்பாரை முனை மழுங்கித் திரும்பி வந்தார்கள். "ஜேசிபி கொண்டாந்துடலாம்" என்றார் பாவா. அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "மிசினு வெச்சி ஒடச்சித்தான் அவரு தன் நெலத்துக்குள்ள போவணுமா? வாணாம்." ஊர்ச் சுடுகாட்டில்தான் புதைத்தோம்.

நைனாவைச் சுடுகாட்டுக்கு எடுக்கும்முன் அம்மா தனியாக நிலத்துக்குப் போனாள். மண்ணைக் குவித்திருந்த வரப்போரம் முள்ளை விலக்கி விரலால் சுரண்டினாள். லாரிக்காரர்கள் விட்டுப்போன பழைய மேல்மண், ஒரு பிடி தேறியது. அதை முந்தானையில் முடிந்து கொண்டுவந்து, குழிக்குள் அவர் நெஞ்சின்மேல் போட்டாள். எங்கள் நிலத்தில் மிச்சம் இருந்தது அவ்வளவுதான்.