என் ஊட்டில் நடந்த மூளை ஆராய்ச்சி

அம்பத்தூரில் எண்ணெய் எஞ்சின் வைத்த முதல் அரிசி மில் என்னுடையது. வானகரத்தில் செங்கல் சூளை, மண்ணூர்பேட்டையில் கோடையிலும் வற்றாத கிணறு, எல்லாம் மூன்றாம் கிளாஸோடு பள்ளிக்கூடத்தை விட்ட இந்தக் கை போட்டது. வெள்ளைக்காரன் ஆட்சியில் லைசென்சு வாங்குவதற்குள் பாதி ஆயுசு போய்விடும். அதையும் வாங்கினேன். இத்தனையும் செய்தவன் மூளை ஆராய்ச்சியும் செய்தேன் என்றால் ஏன் சிரிக்கிறார்களோ!

என் மகளுக்கு ஆறு வயசாகியும் பேச்சு வரவில்லை. கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். பித்தளைத் தட்டைச் சுழலவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். உறவுக்காரர்கள் நாக்கில் வசம்பு தேய்த்தார்கள். பூந்தமல்லி பாய் ஒருவர் தாயத்து மந்திரித்துக் கொடுத்தார். என் மாமனார் உச்சந்தலையில் சூடு போடச் சொன்னார்.

"மொதல்ல உங்களுக்குப் போட்டுப் பாத்துக்கலாம் மாமா" என்றேன். அதோடு அவர் எங்கள் ஊட்டில் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். அதுவும் லாபம்தான்.

கடைசியில் பட்டணத்திலிருந்து சீமையில் படித்த டாக்டர் ரயிலேறி வந்தார். நாடாவால் அவள் தலையை அளந்தார். காதருகே மணி அடித்தார். அவள் தட்டைவிட்டுக் கண் எடுக்கவில்லை.

"காதும் மந்தம், மூளையும் மந்தம். பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் விட்டுடும். அங்கே வைத்துத்தான் ஆராய முடியும்."

அந்த ஆஸ்பத்திரிக்குள் போன பிள்ளை திரும்பி வந்ததாக எங்கள் பக்கம் யாரும் சொன்னதில்லை.

என் சம்சாரம் அடுப்பங்கரைக்குப் போய்ப் பொட்டுக்கடலை டப்பாவை மெள்ளத் திறந்தாள். எனக்கே அந்தச் சத்தம் பாதிதான் கேட்டது. மகள் தட்டைப் போட்டுவிட்டு ஓடினாள்.

டாக்டர் கையிலிருந்த மணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாங்க டாக்டரே, காது நல்லாத்தான் கீது. உங்க மணிதான் அவளுக்கு வேணாம்" என்றேன்.

"தொறந்தது நானு, பீத்திக்கறது நீயா?" என்று உள்ளேயிருந்து சம்சாரம் குரல் கொடுத்தாள்.

எந்தச் சத்தத்தை உள்ளே விடுவது, எதை வெளியே நிறுத்துவது என்று பிள்ளையின் மூளை வேறு கணக்கு வைத்திருக்கிறது என்றார் டாக்டர். ஆஸ்பத்திரி வேண்டாம், நானே வந்து பார்க்கிறேன் என்றார். வந்தார். ஏதேதோ மருந்து கொடுத்தார். பேச்சு வரவில்லை. மகள் எங்களோடேயே இருந்தாள், அது போதும் எனக்கு.

ஆனால் அவர் கட்டுரை அச்சடித்துக் கொண்டுவந்து, 'நான் கண்டுபிடித்தேன்' என்று படித்துக் காட்டினார்.

"நாங்க எங்கே?"

"பெற்றோர் ஒத்துழைத்தனர்னு அடியில போட்டிருக்கேனே."

ஒத்துழைத்தோமாம்! டப்பா சம்சாரத்துடையது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதன் அர்த்தத்தை டாக்டர் முகத்துக்கு நேரே சொன்னவன் நான். மூளையைப் பற்றி இனி எழுதுகிறவர்கள் 'அம்பத்தூர் மில்காரரும் அவர் சம்சாரமும்' என்று மேலே போட வேண்டும். அடிவரியில் டாக்டர் இருந்துகொள்ளட்டும்.