அப்பா 'ஆக்‌ஷன்' சொல்லாத படப்பிடிப்பு

1. அப்பா இயக்கிய முதல் கதைப்படத்தின் படப்பிடிப்பு, மைசூரில் ஒரு கல்யாண வீட்டுக் காட்சியுடன் தொடங்கியது.
2. அப்பா "ஆக்‌ஷன்" சொல்லவே இல்லை.
3. காத்திருந்து அலுத்துப்போன நடிகர்கள் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினார்கள்.
4. பாயசம் முடியும் நேரத்தில் அப்பா, "காட்சி எடுத்தாச்சு" என்றார்.
5. செய்தி தெரிந்து, படத்தின் தயாரிப்பாளரான என் பெரியமாமா படத்தை நிறுத்துவதற்காகக் கொள்ளேகாலத்திலிருந்து புறப்பட்டார்.

அப்பா ஹனூரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். மைசூருக்குப் படிக்க வந்து, ஸ்டுடியோ ஒன்றில் கல்யாண வீடியோ எடுத்து, பிறகு ஆவணப்பட ஒளிப்பதிவாளரானார். கோபிநத்தம் பக்கத்துக் காட்டோர ஊர்களில் மாதக்கணக்கில் தங்கிவிடுவார். பள்ளியில் கணக்குப் பாடம் எடுத்துக்கொண்டே அம்மா வீட்டைத் தனியாக நடத்தினார். கேமராவை ஓடவிட்டு, எதிரில் இருப்பவர் அதை மறக்கும்வரை பேசாமல் காத்திருப்பது அப்பாவின் வழக்கம். "தொடங்குங்கன்னு சொன்னா மனுசன் வெறச்சுப் போயிருவான்" என்பார்.

கதைப்படம் இயக்கும் வாய்ப்பு, தலை நரைத்த பிறகே அவருக்குக் கிடைத்தது. மாமா விலகினால் வேறு தயாரிப்பாளர் கிடையாது. அதோடு, கதையில் கல்யாணத்தை நிறுத்த வரும் தாய்மாமன் வேடத்துக்கும் அதுவரை ஆள் அமையவில்லை.

அன்று ஒலிப்பதிவு செய்தவள் நான். மாமா பந்தலுக்குள் நுழைந்ததும் ஒலியளவு சிவப்புக் கோட்டைத் தாண்டியது.

"ஏனுங் மாப்ள, சோறு திங்கறதுக்கா இத்தன பேரு வந்தீங்க? ஒருத்தரும் இருக்கப்படாது! எல்லாம் மூட்டையக் கட்டுங்க! என்னய மீறி இங்க என்ன நடக்குதுன்னு பாக்கறேன்!"

அப்பா கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மச்சா, சித்த இந்தப் பக்கம் திரும்பித் திட்டுங்க. மூஞ்சியில வெளிச்சம் உளுகட்டும்."

மாமா திரும்பினார். திட்டிக்கொண்டேதான் திரும்பினார்.

அன்று மாலை எடுத்ததை எல்லோருக்கும் போட்டுக் காட்டினார் அப்பா. பந்தியில் அப்பளத்துக்குச் சண்டை போடும் நடிகர்கள் அசல் உறவினர்களாகவே தெரிந்தார்கள். அவர்கள் நடுவே மாமா வந்து நின்று கத்தினார். பார்த்துக்கொண்டிருந்த மாமா அந்த இடத்தை மட்டும் இன்னொரு தடவை போடச் சொன்னார்.

"நான் இம்புட்டு நல்லாவா திட்டறேன்?" என்றார் கடைசியில்.

"அண்ணனுக்கு என்ன, பொறந்ததுல இருந்தே ஒத்திகைதான்" என்றார் அம்மா.

"அந்தத் தாய்மாமன் வேசம் உங்களுக்குத்தான் மச்சா" என்றார் அப்பா. மறுநாள் மாமா புது வேட்டியில் வந்து நின்றார். படம் நிற்கவில்லை. மைசூர்த் திரையரங்கில் மாமா வரும் காட்சிக்கு விழுந்த விசிலைக் கேட்டு என்னைவிட உரக்கச் சிரித்தவர் அப்பா.

இரண்டாவது படத்தின் தொகுப்பு நடக்கும்போதுதான் அப்பாவுக்கு உடல் தளர்ந்தது. மருத்துவமனையில் மடிக்கணினியில் அதைப் பார்த்துச் சிரிப்பார்; செவிலியர் வந்து, "சார், ஸ்வல்ப மெதுவா" என்று கெஞ்சுவார்.

அந்த நாட்களில் முறைவைத்து உடனிருந்த உறவினர்களுக்கும், சாப்பாடு கொண்டுவந்த அக்கம்பக்கத்தாருக்கும், அழைக்காமலே வந்து நின்ற படக்குழுவினருக்கும், அப்பாவின் இந்த முதலாம் ஆண்டு நினைவு நாளில் எங்களோடு இருக்கும் உங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

பலரும் கேட்பதால் சொல்கிறேன். இரண்டாவது படத்தின் படப்பிடிப்பு முடிந்துவிட்டது. இடைவேளை வரையான தொகுப்பை அப்பாவே பார்த்துச் சரி சொன்னார். மீதியை அவருடைய உதவி இயக்குநரும் நானும் செய்துவருகிறோம். மாமாதான் தயாரிப்பாளர். கடைசிப் பகுதிக்கு இன்னும் இசை சேரவில்லை.