வெள்ளிக்கிழமைத் தண்ணீர்

குளிர் தொடங்குமுன் காருக்குச் செய்ய வேண்டியதையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான்; எழுத்து அவ்வளவாக ஓடாது. ஆனால் எழுதி வைக்காவிட்டால் நெஞ்சு அடங்காது. ஒக்டோபர் வந்தால் பனி டயர் மாற்ற வேண்டும், பற்றரியைச் சோதிக்க வேண்டும், கதவு ரப்பர் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க எண்ணெய் பூச வேண்டும், கண்ணாடி கழுவுவதற்கு உறையாத தண்ணீர் வாங்கி ஊற்ற வேண்டும். பின்பெட்டியில் பனி அள்ள ஒரு சவள், கம்பளி, இழுக்கிற கயிறு. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சரி போடுவேன். அடுத்த நாள் போய், போட்ட சரி சரிதானா என்று பார்ப்பேன்.

"உந்தக் காருக்கு வாய் இருந்தா, என்னைச் சும்மா விடுங்கோ எண்டு கத்தியிருக்கும்" என்பாள் மனைவி.

அவளுக்குச் சிரிப்பு. எனக்கு அப்படியில்லை. நோர்வேக்கு வந்த முதல் வருடங்களில் வடகோடியில் ஹம்மர்பெஸ்டில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்தேன். ஒரு நாள் வேலை முடிந்து நாங்கள் ஐந்து பேர் ஒரு பழைய வானில் திரும்பும்போது அது நடுவழியில் நின்றுவிட்டது. மத்தியானம் ஒரு மணி, ஆனால் அங்கே நடுக்குளிர் மாதங்களில் சூரியன் கிடையாது. ஒன்றரை மணித்தியாலம் உள்ளே இருந்தோம். முதல் அரை மணித்தியாலம் பகிடி விட்டோம். பிறகு ஒருவரும் கதைக்கவில்லை. எங்களில் ஒருவருக்கு இரண்டு கால்விரல்களில் உணர்வு திரும்பி வரவேயில்லை. கார் பழுதாவதில் எனக்குப் பயமில்லை. அது நிற்கிற இடத்தில்தான் பயம்.

கொப்பியில் இல்லாத வேலை ஒன்றும் இருந்தது. அதை எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. வெள்ளிக்கிழமை காலையில் முழுகி, திருநீறு பூசி, சாமிக்குத் தண்ணீர் வைக்கிற பித்தளைச் செம்போடு கீழே கார் தரிப்பிடத்துக்குப் போவேன். பொனட்டைத் திறந்து, ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகிற சின்னப் போத்தலின் மூடியைக் கழற்றி, எவ்வளவு குறைந்திருக்கிறதோ அவ்வளவு ஊற்றுவேன். விரலில் இருக்கிற திருநீற்றால் பற்றரி மூடியில் ஒரு கீறு. மூடிவிட்டு ஒரு கும்பிடு. பதினைந்து வயதில் ஊரில் ஒரு மினிபஸ்ஸில் உதவியாளாக நின்றபோது பழகியது. அங்கே விடியப்புறம் முதல் வேலை ரேடியேட்டருக்குத் தண்ணீர் விடுவது, இரண்டாவது ஊதுபத்தி. கை பழகிவிட்டால் மூளை அந்தப் பக்கம் போகாது.

ஆவணி மாதத்திலிருந்து போத்தல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டு வந்தது. எங்கேயோ சின்னக் கசிவு. வாகனம் என்றால் தண்ணீர் குடிக்கும்தானே என்று விட்டுவிட்டேன். கிழமைக்கு ஒரு கால் செம்பு போனது. எங்கள் கட்டடத்தின் தரிப்பிடம் நிலத்துக்குக் கீழே, ஹீற்றர் போட்டது. அந்த வருடம் நாங்கள் இருக்கிற ஒஸ்லோவிலும் குளிர் பெரிதாக வரவில்லை. ஒரு குறையும் தெரியவில்லை.

தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மகள் காரை எடுத்துக்கொண்டு ரோரோஸ் பக்கம் வெளிக்கிட்டாள். கூடப் படிக்கிற பெண்ணின் குடும்பத்துக்கு அங்கே மலையில் ஒரு மரவீடு. நாலு பெண்கள், இரண்டு இரவு. அவள் லைசென்ஸ் எடுத்து ஒரு வருடம். நான் கொப்பியை விரித்து வைத்து ஒவ்வொன்றாகச் சோதித்தேன். கடைசியாகச் செம்பை எடுத்துக்கொண்டு போய் வழக்கம்போலத் தண்ணீரும் விட்டேன். மகள் பக்கத்தில் பையோடு நின்றாள்.

"அப்பா, முடிஞ்சுதோ? இல்லாட்டி எனக்கும் ஏதும் ஊத்த வேணுமோ?"

"போய்ச் சேர்ந்த உடனை மெசேஜ் போடு. அது போதும்."

பின்னேரம் போட்டாள். வந்துவிட்டோம், நல்ல குளிர், கார் நன்றாக ஓடியது, நாளை பத்து மணிக்குச் சறுக்குகிற மலைக்குப் போகிறோம், நாற்பது நிமிட ஓட்டம், ஃபோன் பிடிக்காவிட்டால் பயப்பட வேண்டாம் என்று எழுதியிருந்தாள். கடைசி வரி எனக்காகவே எழுதியது.

சனிக்கிழமை காலை ஒன்பது மணி போல குப்பை போடக் கீழே போனேன். எங்கள் கட்டடத்திலேயே இருக்கிற நண்பன், பஸ் ஓட்டுகிறவன், தன் காரின் பொனட்டைத் திறந்து வைத்திருந்தான். கையில் ரப்பர் குமிழ் வைத்த ஒரு கண்ணாடிக் குழாய். போத்தலிலிருந்து நீல நிறமாக எதையோ உறிஞ்சி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். உள்ளே சின்னக் குண்டுமணிகள் மிதந்தன.

"என்ன மச்சான், உன்ரை செல்லப்பிள்ளையைக் காணேல்லை?"

"மகள் கொண்டு போயிட்டாள். ரோரோஸ்."

"ஐயோ, அங்கை ராத்திரி மைனஸ் இருபத்தெட்டு எண்டு கிடந்தது. எல்லாம் பாத்துத்தானே விட்டனீ?"

"கொப்பியிலை இருக்கிறதெல்லாம் பாத்தனான்."

"உன்ரை கொப்பி பாராளுமன்றத்துக்கே போகலாம்." குழாயைத் துடைத்துக்கொண்டு கேட்டான். "அப்ப இது எத்தினை பாகைக்குக் காட்டினது?"

"எது?"

"இந்த நீல மருந்து, மச்சான். இது குறைஞ்சா எஞ்சினுக்கை தண்ணி ஐஸ் கட்டியாப் போகுமெல்லே."

"நான் ஒவ்வொரு வெள்ளியும் விடுறனான்தானே."

"எதை விடுறனீ?"

"தண்ணி."

"என்ன தண்ணி?"

"பைப் தண்ணிதான். நல்ல சுத்தமான தண்ணி."

அவன் குழாயைக் கீழே வைத்தான். முகத்தில் பகிடி இல்லை.

"எப்ப துவக்கம்?"

"ஆவணி."

"மருந்து ஒருக்காலும் விடேல்லையோ?"

"இல்லை."

"மச்சான், அப்ப உள்ளுக்கை முக்கால்வாசியும் தண்ணி. இஞ்சை சூட்டிலை கிடந்தபடியாத்தான் தப்பினது. ராத்திரி முழுக்க வெளியிலையோ நிண்டது?"

ஓம் என்று தலையை ஆட்டினேன்.

"சொல்லு, ஸ்டார்ட் எடுக்க வேண்டாம் எண்டு. எடுத்தா பம்ப் சுத்தாது, பெல்ட் அறும். அறாட்டி அது இன்னும் மோசம். கொஞ்சத் தூரம் ஓடிப்போட்டு நடுவழியிலை எஞ்சின் கொதிச்சு நிக்கும். நிண்டா உள்ளுக்கை சூடும் வராது. எடு, இப்பவே எடு."

ஒன்பது பத்து. எடுத்தேன். நோர்வே மொழியில் ஒரு பெண் குரல், நீங்கள் அழைத்தவரைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்றது. திரும்பவும் அதே குரல். எட்டுத் தரம் அதே குரல், அதே மரியாதை. நண்பனுக்கு ஒன்பதரைக்கு பஸ்; போகாமல் நின்றான். நான்தான் போகச் சொன்னேன். "அங்கை ஆரின்ரையாவது நம்பரைத் தேடு" என்று கத்திக்கொண்டே ஓடினான்.

படியேறி வீட்டுக்கு வந்து மனைவிக்கு எடுத்தேன். அவள் முதியோர் இல்லத்தில் காலை வேலையில் இருந்தாள்.

"என்னப்பா, நான் ஒரு ஆளைக் குளிப்பாட்டிக்கொண்டு நிக்கிறன்."

சொன்னேன். இரண்டு வசனத்தில் சொன்னேன். அவள் என்னை ஏசவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"அந்த மரவீட்டுப் பிள்ளையின்ரை தாயின்ரை நம்பர் என்னட்டை கிடக்கு. அனுப்புறன். நான் இந்த ஆளை ஈரத்தோடை விட்டிட்டு வரேலாது. நீங்கள் எடுங்கோ."

"நானோ?"

"வேறை ஆர்? சாமியோ?"

முப்பது வருடத்தில் முன்பின் தெரியாத ஒரு நோர்வேக்காரரோடு நான் தொலைபேசியில் கதைத்ததில்லை. ஆளை நேரில் பார்த்தால் கையையும் கண்ணையும் சேர்த்துச் சமாளிப்பேன். தொலைபேசி என்றால் மகள்தான். வரி அலுவலகமா, பல் வைத்தியரா, அவள் பத்து வயதிலிருந்து எனக்காகக் கதைத்தவள். கொப்பியை இழுத்து, சொல்ல வேண்டிய நோர்வே வசனத்தைத் தமிழ் எழுத்தில் எழுதினேன். காரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம். ஒன்பது இருபத்தெட்டு. எடுத்தேன்.

நான் இன்னாரின் அப்பா என்றேன். அந்த அம்மா சந்தோசமாக ஏதோ நீளமாகச் சொன்னார். நடுவில் வெட்டி வசனத்தை வாசித்தேன்.

"ஏன்? காரில் என்ன இருக்கிறது?"

"தண்ணீர்."

"காருக்குள் தண்ணீர் வந்துவிட்டதா?"

"இல்லை. எஞ்சினுக்குள். மருந்து இல்லை. தண்ணீர் மட்டும். நான் விட்டேன்."

அவர் அந்தக் குளிரில் வளர்ந்தவர். அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இங்குள்ளவர்கள் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே ஆம் என்பார்கள். அந்தச் சத்தம் மட்டும் கேட்டது. மரவீட்டில் எந்தத் தொலைபேசியும் சில நேரம்தான் பிடிக்கும் என்றார். அந்தப் பாதையில் பனி தள்ளுகிற, பண்ணை வைத்திருக்கிற கமக்காரர் இரண்டு கிலோமீட்டர் கீழே இருக்கிறார், அவருக்குச் சொல்கிறேன், நீங்கள் தொலைபேசியை விட்டு நகர வேண்டாம் என்றார்.

நகரவில்லை. குசினி யன்னலோரம் நின்றேன். கீழே பிள்ளைகள் பனியில் உருண்டார்கள். ஒன்பது ஐம்பது. கமக்காரர் வீட்டில் இல்லாமல் இருக்கலாம். வீட்டில் இருந்தாலும் மாடு கறந்துகொண்டு நிற்கலாம். மகள் சொன்ன நேரத்துக்கு ஒரு நாளும் வெளிக்கிட்டதில்லை. அவளின் அந்தப் பழக்கத்தை நான் எத்தனை தரம் ஏசியிருப்பேன், அன்றைக்கு அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிந்து பிள்ளை, பிந்து. தலைமயிரைத் திரும்பவும் இழு. கையுறையைத் தேடு. பத்து மணி. பத்து ஐந்து. நாற்பது நிமிட வெறும் தெருவும், ஊசி சிவப்புக்கு ஏறுகிறதும், காற்றுத் துவாரத்தில் குளிர்காற்று வருகிறதும் எனக்குத் தெரிந்துகொண்டேயிருந்தது. நாலு பேர். முதலில் சிரிப்பார்கள்.

பத்து பன்னிரண்டுக்குத் தெரியாத இலக்கம் ஒன்று அடித்தது.

"அப்பா, ஆருக்கு என்ன?"

"காரை எடுத்தனீயோ?"

"அப்பா, ஒரு ஆள் ட்ராக்டரிலை வந்தார். ஹாய் கூடச் சொல்லேல்லை. கதவைத் திறந்து, காரை நிப்பாட்டித் திறப்பைப் பிடுங்கிப்போட்டார். இப்ப அவரின்ரை வீட்டிலை நிண்டு அவரின்ரை ஃபோனிலை கதைக்கிறன். என்ன நடக்குது?"

"அப்ப ஸ்டார்ட்டிலை நிண்டதோ?"

"ஓம். ரெண்டு நிமிசம் இருக்கும். ஐஸ் சுரண்டிக்கொண்டு நிண்டனாங்கள். கீச் எண்டு ஒரு சத்தம் வந்தது, குளிருக்காக்கும் எண்டு விட்டிட்டன். இன்னும் அஞ்சு நிமிசம் எண்டா வெளிக்கிட்டிருப்பம்."

கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"உங்களுக்கு ஒண்டுமில்லையே? நாலு பேரும் உள்ளுக்கையோ?"

"உள்ளுக்கைதான். அவர் கோப்பி போடுறார். அப்பா, காருக்கு என்ன பிழை?"

கராச்காரனில் பழியைப் போட்டிருக்கலாம். இலையுதிர் காலத்தில் டயர் மாற்றக் கொடுத்த இடம் ஒன்று இருந்தது. ஒருவரும் போய்க் கேட்கப் போவதில்லை. அந்த யோசனை வந்தது, வரவில்லை என்று சொல்லமாட்டேன்.

"நான்தான் பிள்ளை. தண்ணி விட்டனான். மருந்து விட வேண்டிய இடத்திலை."

"எப்ப?"

"ஒவ்வொரு வெள்ளியும்."

அந்தப் பக்கம் கோப்பிக் கோப்பைகளின் சத்தம் கேட்டது.

"நேற்று அந்தச் செம்பிலை ஊத்தினீங்களே, அதுவோ?"

"ஓம்."

"அப்பா, நான் பக்கத்திலை நிண்டு பாத்தனான். சின்னனிலை இருந்து பாக்கிறன். அது ஏதோ சாமிக்குச் செய்யிறது எண்டுதான் நினைச்சன். திருநீறு பூசுறீங்கள், கும்பிடுறீங்கள். எனக்கு அது எஞ்சினுக்குப் போற தண்ணி எண்டே தெரியாது. தெரிஞ்சிருந்தா அங்கையே கேட்டிருப்பன்."

சாமிக்கா எஞ்சினுக்கா என்று நானே ஒரு நாளும் பிரித்துப் பார்த்ததில்லை.

"நேற்றுப் பின்னேரம் நூறிலை ஓடி வந்தனான்" என்றாள் மெதுவாக. நான் ஃபோனை வைக்கவில்லை, அவளும் வைக்கவில்லை. யாரோ அவளிடம் எதையோ நீட்ட, நன்றி சொன்னாள். கடைசியில் "நான் வைக்கிறன் அப்பா, இது இவரின்ரை ஃபோன்" என்றாள்.

மனைவி வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றாமலே கேட்டாள். "கதைச்சவளோ?"

"கதைச்சவள்."

"அழுதவளோ?"

"இல்லை."

"நீங்கள்?"

அவள் தேத்தண்ணி வைத்தாள். அன்றைக்கு முழுக்க அவள் என்னை ஏசவில்லை. அடுத்த நாள் மத்தியானம் சோறு போடும்போது தொடங்கினாள், இரவு வரைக்கும் நிற்கவில்லை. அதுவும் நல்லதாகத்தான் இருந்தது.

காரை அந்த மனிதர் ட்ராக்டரில் கட்டி இழுத்துப்போய்த் தன் கொட்டிலில், ஹீற்றர் போட்ட பக்கத்தில் விட்டார். இளகி ஓடவே இரண்டு நாள் எடுத்தது. பம்ப் போய்விட்டது, பெல்ட் போய்விட்டது, எஞ்சின் வெடிக்கவில்லை என்று செவ்வாய்க்கிழமை சொன்னார். அதற்குள் மகள் ஞாயிற்றுக்கிழமை ரயிலில் வந்துவிட்டாள். ஒரு மணித்தியாலத்துக்கு முன்பே ஸ்டேசனுக்குப் போய் நின்றேன். இறங்கி வந்தவள் பையை என் கையில் தந்துவிட்டுக் கேட்டாள்.

"அந்த அம்மாவோடை நீங்களா கதைச்சனீங்கள்? எங்கடை அம்மா இல்லையோ?"

"நான்தான்."

"நோர்வே பாஷையிலையோ?"

"எழுதி வைச்சு வாசிச்சனான்."

அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு பசிக்கிறது என்றாள். நாங்கள் படியிறங்கிச் சுரங்க ரயிலுக்கு நடந்தோம். குளிர் இல்லை, மைனஸ் மூன்றுதான். ஆனாலும் அவளின் ஜக்கெற் சிப் கழுத்து வரைக்கும் இழுத்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு வந்தேன்.