மஞ்சள் தோல்

ஐம்பதுகளில், எனக்குக் கல்யாணமான மறு வருஷம், என் வீட்டுக்காரர் ராயக்கோட்டைப் பக்கம் ஒரு காட்டு பங்களாவில் வாட்ச்மேனாக இருந்தார். அந்த மழைக்காலத்தில் ஒரு கல்லூரிப் பேராசிரியர் வந்து தங்கினார். வெளியே தலைகாட்டாமல் மண்ணுக்குள்ளேயே உருண்டையாக விளையும் காளானைத் தேடி வந்தவர். காட்டுப்பன்றி கிளறிய இடமெல்லாம் குந்தித் தோண்டினார். பத்து நாளாகியும் ஒன்றும் கிடைக்கவில்லை.

விறகு பொறுக்கப் போன எனக்குக் கிடைத்தது. ஆச்சாமரத்தடியில் காய்ந்த வேர் ஒன்றைத் தோண்டி இழுத்தபோது, நெல்லிக்காய் அளவில் நான்கு. ஊசிப்போன பூண்டு நாற்றம். வீட்டுக்குக் கொண்டுவந்து மண் போகச் சுரண்டி, மஞ்சள் தேய்த்துக் கழுவி, வீட்டுக்காரரிடம் கொடுத்தனுப்பினேன். எங்கள் பக்கம் எந்தக் காளானையும் மஞ்சள் தேய்க்காமல் வீட்டில் வைக்கமாட்டோம். அதோடு, பெரிய மனிதர் கையில் மண்ணும் சேறுமாகக் கொடுப்பதா என்றும் நினைத்தேன்.

மறுநாள் பேராசிரியர் கத்தியது சமையலறை வரைக்கும் கேட்டது.

"தோலைப் பாருய்யா, தங்கம் மாதிரி! ஸ்பிரிட்டில போட்டா அதுவும் மஞ்சளாயிடுது. இப்படி ஒண்ணை இதுவரைக்கும் யாருமே எழுதல!"

மஞ்சள் தோலை வைத்தே லத்தீனில் பெயரும் வைத்துவிட்டார். கட்டுரை சாயங்கால ரயிலில் போகவேண்டும் என்றார்.

வீட்டுக்காரர் உள்ளே வந்ததும் சொன்னேன்.

"என்னாங்க, அது மஞ்சங்க. நான் தேச்சது."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அவரு என்னா கொழம்பு வெக்கவா கேட்டாரு?"

"நீங்க போய்ச் சொல்லுங்க."

"நானா? பத்து நாளு கழிச்சி இன்னிக்குத்தான் அந்த மனுஷன் சிரிக்கிறாரு. தேச்சவ நீ, நீயே சொல்லு."

பேராசிரியரிடம் நான் அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. காப்பியைக் கதவோரம் வைத்து, டம்ளரில் விரலால் தட்டி ஓசை செய்துவிட்டு வந்துவிடுவேன். பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அச்சான பிறகு வேறொருவர் வந்து தோண்டி, மஞ்சள் தோலே இல்லை என்று கண்டால்? பொய் எழுதியவர் என்று இவரைத்தானே சொல்வார்கள்.

மூன்று மணிக்கு உறையை ஒட்டப் பசை கேட்டார். நான் எடுத்துப் போனேன். மேசையில் உருப்பெருக்கிக் கருவி, பக்கத்தில் ஒரு சாசரில் மிச்சமான மஞ்சள் ஸ்பிரிட். பசையை வைத்தேன். அங்கேயே நின்றேன்.

"என்னம்மா?"

வீட்டுக்காரர் மறந்து வைத்துவிட்டுப் போன வெற்றிலைப் பெட்டி ஜன்னலில் இருந்தது. சுண்ணாம்பை விரலில் தொட்டு அந்தச் சாசரில் கலக்கினேன். ஆரத்தித் தண்ணீர் போலச் சிவந்துவிட்டது.

அவர் சாசரைப் பார்த்தார். பிறகு மஞ்சள் ஏறிய என் விரல்களைப் பார்த்தார்.

"மஞ்சளா?"

தலையாட்டினேன். எழுதியதை உறையோடு சேர்த்து இரண்டாகக் கிழித்தார்.

"அந்த மரத்தைக் காட்டுறியாம்மா?"

நான் முன்னால் நடந்தேன். வீட்டுக்காரர் மண்வெட்டியோடு வந்தார். இருட்டுவதற்குள் இரண்டு கிடைத்தன. நான் கை நீட்டியதும், "தொடாதே!" என்று இருவரும் சேர்ந்து கத்தினார்கள். தோல் வெறும் துருப்பிடித்த பழுப்பு.

அடுத்த மூன்று நாள் பிளேடால் சீவிச் சீவிக் கருவியில் பார்த்தார், தடித்த புத்தகங்களைப் புரட்டினார். நான் காப்பி வைத்துவிட்டுக் கதவோரமே நின்றேன். அது ஆறிப்போகும், திருப்பி எடுத்துப் போவேன்.

மூன்றாம் நாள் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "தோல்ல ஒண்ணும் இல்லம்மா. உள்ளே விதைத்தூள் மேல முள்ளு இருக்குது, வலை போட்ட மாதிரி. அது எந்தப் புத்தகத்துலயும் இல்ல. இது புதுசுதான்."

புதுத் தாளை எடுத்தார். "முதல்ல கிடைச்சது எவ்வளவு ஆழத்துல?"

வீட்டுக்காரர் வாய் திறந்தார். நான் முந்திக்கொண்டேன்.

"ஒரு சாணுங்க. வேருக்கு மேக்கால."