பின்வீட்டு மாடி

சிதம்பரத்தில் ஒரு வங்கிக் கிளையில், கடன் பிரிவில் எனக்கு வேலை. குடியிருப்பது கடலூர் ஓ.டி. என்கிற பழைய டவுனில், ஒரு வாடகை மாடி வீட்டில், தனியாக. ஏன் தனியாக என்று கேட்பவர்களுக்காக ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தேன். கேட்கிற ஆட்களும் இப்போது குறைந்துவிட்டார்கள்.

கொஞ்ச வருடங்களாக என் வாயில் வருவதெல்லாம் சூரிய மின்சாரம்தான். நிலக்கரியைக் குறைத்து வெயிலுக்கும் காற்றுக்கும் நாட்டை மாற்றுவது என்று டெல்லியில் முடிவெடுத்தால், அது கடைசியில் என் மேஜைக்கு டார்கெட்டாக வந்து உட்காரும். கூரையில் பேனல் போட்டால் மத்திய அரசின் மானியம், ஜாமீன் கேட்காத கடன், மிஞ்சுகிற மின்சாரத்தை பில்லில் கழித்துக்கொள்ளும் வசதி என்று கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிப்பேன். பக்கத்தில் கிள்ளை என்கிற கடலோர ஊரில் கூட்டம் போட்டிருக்கிறேன். அண்ணாமலை நகரில், ஃபிக்சட் டெபாசிட்டைத் தவிர எதையும் நம்பாத ஓய்வுபெற்ற பேராசிரியர்கள், "சோலார் கம்பெனி ஷேர் வாங்கலாமாம்மா? பசுமைப் பத்திரம்னு ஏதோ சொல்றாங்களே?" என்று என்னைச் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். "ஷேர் எறங்கும், ஏறும். ஒங்க கூரை எங்கயும் ஓடிப்போவாது சார், அதுல போடுங்க" என்பேன். கைதட்டுவார்கள்.

பகல் முழுக்க இப்படிப் பேசித் தீர்த்துவிட்டு, சாயங்காலம் பாசஞ்சர் பிடித்து வீட்டுக்கு வந்தால் பேச ஆள் கிடையாது, ஒருவரைத் தவிர.

என் வீடும் பின்தெருவில் உள்ள ஒரு வீடும் முதுகோடு முதுகு ஒட்டியவை. இரண்டு மொட்டை மாடிகளுக்கும் நடுவே ஒரு குட்டைச் சுவர். நான் துணி எடுக்க மேலே போகும்போது அந்த வீட்டு அக்காவும் துணி எடுத்துக்கொண்டிருப்பார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கணவர் ஸ்ட்ரோக் வந்து, பேச்சு குழறி, படுத்த படுக்கையாகிவிட்டார். மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. எங்கள் பழக்கம் முழுக்க அந்தச் சுவரில்தான். ஒருவர் பெயரை ஒருவர் கேட்டுக்கொண்டதுகூட இல்லை. நான் "அக்கா" என்பேன். அவருக்கு நான் "பேங்க்கம்மா".

"என்னா பேங்க்கம்மா, இன்னிக்கும் ரசந்தானா? கொழம்புன்னு ஒண்ணு இருக்குதே, அது மொகமாவது ஞாபகம் இருக்குதா?" என்று ஆரம்பிப்பார். என் நைட்டியைக் கேலி செய்வார், என் மேனேஜரைப் போல நடித்துக் காட்டுவார். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரிப்பேன். வீட்டில் ஓர் ஆளைப் படுக்கையில் வைத்துக்கொண்டு இந்த மனுஷியால் எப்படி இவ்வளவு சந்தோஷமாக இருக்க முடிகிறது என்று எனக்குப் பொறாமைகூட வரும். என் ஒரு நாளில் உயிருள்ள நேரம் என்றால் அதுதான்.

ஒரு சாயங்காலம் அக்கா கேட்டார். "அவருக்கு ஏசி, காத்து மெத்தை ரெண்டும் ராப்பகலா ஓடுது. கரண்டு பில்லு கட்டி மாளல. சோலார் போடலாம்னு மருமவரு சொல்றாரு. நீ சொன்னா சரி. போடலாமா?"

அந்த மாடியை ஒரு தரம் பார்த்தேன். சின்ன மாடி. உயரமான ஸ்டாண்டு வைத்தால் அடியில் நடமாடலாம். ஆனால் புயலில் தகரம் பறந்ததைக் கண்ணால் பார்த்த ஊர் இது, பேனலை உயரத்தில் நிறுத்த இங்கே யாருக்கும் தைரியம் வராது. தாழப் போட்டால் மாடி முழுக்க அடைத்துக்கொள்ளும். துணிக்கொடி கட்டக்கூடாது, நிழல் விழுந்தால் உற்பத்தி குறையும். எல்லாவற்றையும் சொன்னேன். "வேணாங்க்கா, அதெல்லாம் நம்பாதீங்க" என்று ஒரு பொய்யும் நாக்கு நுனி வரை வந்தது. வந்த பொய்யை விழுங்கினேன். அந்த வீட்டுக்கு அது நல்லது. எத்தனையோ பேருக்குச் சொன்னதை அக்காவுக்கு மட்டும் எப்படிச் சொல்லாமல் இருப்பது?

"போடுங்கக்கா."

போட்டார்கள். பேனலுக்குப் பாதுகாப்பு என்று மாடிக் கதவுக்கு மருமகன் பூட்டும் போட்டுவிட்டார். துணி கீழே முன்வாசல் பக்கம் போய்விட்டது.

பழக்கதோஷத்தில் சாயங்காலமானால் நான் மேலே போய் நின்றேன். சுவருக்கு அந்தப் பக்கம் கறுப்புக் கண்ணாடிகள் வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. சுவரில் எக்கி "அக்கா" என்று கூப்பிட்டும் பார்த்தேன். கேட்கவில்லையோ என்னவோ, பதில் இல்லை. கீழே வந்து டி.வி.யைப் போட்டுவிட்டு, பார்க்காமல் உட்கார்ந்திருப்பேன். எனக்கு அழுகை வந்தது. பில் குறைந்ததும் பேங்க்கம்மா வேண்டாமல் போய்விட்டாளா என்று கோபமும் வந்தது. கோபத்தையாவது யாரிடம் காட்டுவது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை வெட்கத்தை விட்டு சாத்துக்குடி வாங்கிக்கொண்டு கிளம்பினேன். பின்தெருவுக்குப் போன பிறகுதான் உறைத்தது, அந்த வீட்டின் முன்பக்கம் எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியாது. பெயர் சொல்லி விசாரிக்கவும் வழியில்லை. மெடிக்கலில் நின்று, ஸ்ட்ரோக் வந்து படுத்திருப்பவர் வீடு எது என்று கேட்டேன். பச்சை கேட்டைக் காட்டினார்கள்.

கதவைத் திறந்த அக்கா, நைட்டியில் மட்டுமே பார்த்திருந்த என்னைச் சேலையில் ஏற இறங்கப் பார்த்தார். "சோலார் கம்பெனியிலேருந்தா வர்றீங்க?"

"நாந்தாங்க்கா. பின்னாடி மாடி."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். "ஐயோ, நீயா! இவ்ளோ குட்டையா நீ? எங்க மாடி பள்ளம்னு இப்பதான் தெரியுது." அந்தச் சிரிப்பைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது.

ஹாலில் கட்டில். அதில் படுத்திருந்தவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். "யாரு?" என்று குழறினார்.

"பேங்க்கு மேடம். சோலார் ஓடுதான்னு பாக்க வந்திருக்காங்க" என்றார் அக்கா. பிறகு என்னிடம், "உக்காருங்க மேடம்."

உட்கார்ந்தேன். காபி வந்தது. பில் பாதிக்குமேல் குறைந்துவிட்டது என்று அக்கா சொன்னார். ரொம்ப நல்லது என்றேன். கட்டிலில் இருந்தவரின் கண் எங்கள் இருவர் மேலும் மாறி மாறி நின்றது. அதற்குமேல் எங்களுக்குப் பேச ஒன்றுமே வரவில்லை. காபியைச் சூட்டோடு குடித்துவிட்டு எழுந்தேன்.

கேட்டு வரை வந்த அக்கா மெதுவாகச் சொன்னார். "தப்பா எடுத்துக்காதம்மா. மேல ஒருத்திகிட்ட தெனம் சிரிச்சிக்கிட்டு நின்னேன்னு தெரிஞ்சா மனசு ஒடஞ்சி போயிடுவாரு."

"அதனால என்னாக்கா."

"துணிக்காவா மேல வந்தேன்? இந்த வூட்ல எங்க நின்னாலும் அவுரு பாக்குறாரு. அழுவறதுக்கு எனக்கு மாடி ஒண்ணுதான் இருந்துச்சு. நீ வர்றதுக்கு முன்னாடியே அழுது முடிச்சி மொகத்தத் தொடச்சிக்குவேன்."

"என் மாடி சும்மாத்தான் கெடக்கு. அங்க வந்துடுங்கக்கா" என்று மட்டும் சொன்னேன்.

"தெருவச் சுத்திக்கிட்டு அங்க வந்து சேர்றதுக்குள்ள அழுவையே நின்னு போயிடும் பேங்க்கம்மா" என்று சிரித்தார் அக்கா. உள்ளேயிருந்து கணவர் கூப்பிட்டார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அக்கா உள்ளே போனார்.