வெல்லமும் நுண்துகளும்

'கல்லு மாவு' என்று நாங்கள் சொல்லும் கல்தூசி ஒட்டிய வெல்லம் பல்லில் நறநறவென்று கடிபடும். என் பிள்ளைப் பருவத்தின் ருசி அது. ராஜா அண்ணாமலைபுரத்து அடுக்குமாடிகளுக்குத் தரைக்கல் அறுத்த நைனா, இமைமுடியெல்லாம் வெளுத்துப் பெருங்குடி வீட்டுக்குத் திரும்பும்போது, சட்டைப் பையில் எனக்காக ஒரு துண்டு மிச்சம் வைத்திருப்பார். மாலையில் ஆட்களுக்கு வெல்லம் கொடுப்பது அங்கே வேலை எடுத்திருந்த காண்ட்ராக்டரின் வழக்கம். தண்ணீர் விட்டுக்கொண்டே அறுத்தால் தூசி கிளம்பாதுதான். ஆனால் லாரித் தண்ணீர் வீணாகும், தரை சேறாகும் என்று அவர் குழாயைப் பூட்டிவைத்திருந்தார். "வெல்லம் துன்னா உள்ள கீற தூசியெல்லாம் எறங்கிடும்டா" என்று நைனாவும் நம்பினார்.

எட்டாம் வகுப்பில் 'நுண்துகள்' என்ற சொல்லைப் படித்தேன். கண்ணுக்கே தெரியாதது, மூக்கு முடியைத் தாண்டி நுரையீரலின் அடிவரை போய் உட்கார்ந்துகொள்வது என்று அதற்குப் பொருள். வெல்லம் இறங்கும் வழி வேறு, தூசி இறங்கும் வழி வேறு என்று அன்றுதான் புரிந்தது. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் என்ற தைரியத்தில் காண்ட்ராக்டரிடமே போய்ச் சொன்னேன்.

"சார், அது நுண்துகள் சார். தண்ணி வுட்டுத்தான் அறுக்கணும்."

அவர் நைனாவைப் பார்த்துச் சிரித்தார். "என்னய்யா, உன் புள்ள எனக்கே டியூஷன் எடுக்கிறான்?"

"சின்னப் பையன் சார், வுட்டுடுங்க" என்று நைனா தலைகுனிந்தார். என் கையிலும் ஒரு வெல்லத்துண்டை வைத்து அனுப்பினார் காண்ட்ராக்டர். அதை வழியிலேயே வீசினேன். அந்தச் சிரிப்பை வீச முடியவில்லை.

பிறகு நைனாவுக்கு மூச்சு சிறுகச் சிறுகக் குறைந்தது. "ஜன்னலத் தொறடா, காத்து வரட்டும்" என்பார், திறந்திருக்கும் ஜன்னலைப் பார்த்து. நான் கல்லூரியில் சேர்ந்த ஆண்டில் போய்விட்டார்.

அந்தச் சொல்லை நான் விடவில்லை. இன்று காற்றில் நுண்துகள் அளப்பதுதான் என் வேலை. போன மாதம் மந்தைவெளியில் ஒரு கட்டடத்தை அளக்கப் போனபோது, பலகையில் அதே காண்ட்ராக்டரின் பெயர். உள்ளே அதே வெள்ளைப் புகை, அதே பூட்டிய குழாய். என் அறிக்கையால் வேலை நின்றது. நரைத்த தலையோடு ஓடிவந்தார். "தம்பி, இந்த ஒரு வாட்டி விட்டுடுங்க தம்பி."

எதிர்க்கடையில் வாங்கி வைத்திருந்த வெல்லத்தை அவர் உள்ளங்கையில் வைத்தேன். "தின்னுங்க சார், எல்லாம் எறங்கிடும்." அவருக்கு விளங்கவில்லை. நானும் விளக்கவில்லை.

இப்போது அங்கே குழாயில் தண்ணீர் வருகிறது. ஆட்கள் வெளுக்காத இமைமுடியோடு வீடு திரும்புகிறார்கள். எங்கள் வாசலில் பதியும் நைனாவின் வெள்ளைக் காலடிதான் இல்லை. காண்ட்ராக்டருக்கு ஊரில் வேறு கட்டடங்களும் இருக்கின்றன. என் பையில் வெல்லமும் இருக்கிறது.