கதவைத் தட்டாத விருந்தாளி

ஸ்டோனி ரீச்சில் யாரும் கதவைத் தட்டுவதில்லை. அண்டை வீட்டுக்காரர் தாமாகவே திறந்துகொண்டு வருவார், அடுப்பின் மேலிருக்கும் கெட்டிலைத் தொட்டுப் பார்ப்பார், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். தட்டினால் வெளியூர் ஆள் என்று அர்த்தம்.

செலினா டர்ன்ஃபோர்டின் கதவு அடிக்கடி தட்டப்படும். கணவன் லியாண்டர் இறந்த பிறகு மாடி அறைகளை வாடகைக்கு விட்டிருந்தாள். நியூஃபவுண்ட்லாந்தைச் சுற்றிப்பார்க்க வருகிறவர்களுக்குப் பயணத்தை வகுத்துக் கொடுப்பதும் அவள்தான். லியாண்டரின் கடல் வரைபடத்தை மேசையில் விரித்து அதன்மேல் சட்டைப் பொத்தான்களை வைப்பாள். ஒரு பொத்தான் ஒரு நாள். பனிப்பாறைக்கு ஒன்று, பறவைத் தீவுக்கு ஒன்று. வெள்ளைப் பொத்தான் மட்டும் எங்கும் நிலையாக உட்காராது. அது மூடுபனிக்காக ஒதுக்கிய நாள்.

நகரத்திலிருந்த மகள் மரீனா தன்னோடு வந்துவிடச் சொல்லி நச்சரித்தாள். செலினா அசையவில்லை. தன் பிணம் இந்த வாசல் வழியாகத்தான் போகவேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை இல்லை.

இத்தனைக்கும் வீடு இந்த ஊரில் கட்டியதல்ல. வளைகுடாவின் அக்கரையில் பிட்டர் கோவ் என்றொரு ஊர் இருந்தது. அரசாங்கம் எல்லோரையும் காலி செய்யச் சொன்னபோது, ஆளில்லாமல் கிடந்த பார்டி குடும்பத்து வீட்டை லியாண்டரின் அப்பா வாங்கினார். எண்ணெய்ப் பீப்பாய்களைக் கட்டி மிதக்கவிட்டு, படகுகளால் இழுத்து வந்தார். அணைந்த அடுப்போடு வீடு இடம் மாறக்கூடாது என்று, உள்ளே நெருப்பு எரிய எரியவே கொண்டுவந்தார். பிற்பாடு மருமகளாக வந்த செலினாவிடம் அவர் சொன்ன ஒரே கட்டளை, அடுப்பை அணையவிடாதே என்பதுதான். அக்கரையில் கல்லறைத் தோட்டம் மட்டும் தங்கிவிட்டது.

கோடை முடிந்து காட்டுப்பழங்கள் சிவக்கும் சமயத்தில் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது.

"சுத்திப்பாக்க வழி சொல்லுவீங்களாமே?"

வளைகுடாவின் அசல் பேச்சு. பிழைக்கப் போன நம்ம பெண் ஒருத்தி என்று செலினா எண்ணிக்கொண்டாள். நம்மவரிடம் பெயர் கேட்டால் அது அவமதிப்பு. அதனால் கேட்கவில்லை.

"நீ யாரு வீட்டுப் பொண்ணும்மா?"

"பார்டி வீடு."

"அப்போ பிட்டர் கோவ் பாக்கணும்னு சொல்லு."

"அதத்தான் எப்பவும் பாத்துக்கிட்டு இருக்கேனே. எனக்கு இக்கரையப் பாக்கணும்."

செலினா சிரித்தாள். முதல் பொத்தானை ஸ்டோனி ரீச்சின் மேலேயே வைத்தாள்.

"வீடு கெளம்பினப்போ கரைப் பாறையில நின்னேன். புகைபோக்கியில புகை வந்துக்கிட்டே போச்சு," என்றது குரல்.

"அப்போ நீ சின்னப் பிள்ளையா இருந்திருப்ப."

"இல்ல. இப்ப இருக்கற வயசுதான்."

இப்படி முகம் மாறாமல் கேலி பேசுவது இந்தப் பக்கத்து வழக்கம்தான்.

"எங்க தங்கப்போற?"

"வீட்டுலதான். மூடுபனி எறங்கினதும் வந்துடறேன்."

"மூடுபனியில படகு வராதும்மா."

"நடந்தே வந்துடறேன்."

மறுநாள் படகோட்டி கார்லண்ட் ஸ்கின்னர் வழக்கம்போலத் தட்டாமல் நுழைந்து, தானே தேநீர் ஊற்றிக்கொண்டான். செலினா விஷயத்தைச் சொன்னாள்.

"பார்டி வீடா? கடைசியா இருந்தது டிரைஃபீனா. கல்யாணம் காட்சி கெடையாது. அவ செத்துத்தானே வீடு காலியாச்சு, அத்தை."

"தாயாதி எவளாவது இருப்பா."

"இருப்பா, இருப்பா. டிரைஃபீனாவே வந்தா மட்டும் வாடகை வாங்கிடாதீங்க. வீட்டுக்காரி அவ."

"வாய மூடிக்கிட்டுக் குடிடா, பயலே," என்றாள் செலினா. அவள் விரலிலிருந்த வெள்ளைப் பொத்தான் மேசையில் உருண்டது.

அந்த வாரமே மூடுபனி இறங்கியது. பிற்பகலிலேயே வேலிகூடத் தெரியவில்லை. செலினா கிழக்கறைக் கட்டிலில் துவைத்த விரிப்பு போட்டுவிட்டு, கீழே ரொட்டி அறுத்துக்கொண்டிருந்தாள். தட்டும் ஓசைக்குத்தான் அவள் காது காத்திருந்தது.

கதவு திறந்தது. நடையில் யாரோ காலைத் தேய்த்துத் துடைத்தார்கள்.

"கெட்டில் சூடா இருக்குடா," என்றாள், கார்லண்டுதான் என்று நினைத்து, திரும்பாமலே.

ஈரமண் வாசனை அவள் முதுகைக் கடந்து போனது. காலடிகள் மாடிப்படிப் பக்கம் போகவில்லை. எதிர்ச்சுவரின் சாமான் அலமாரிக்குள் போய், அங்கிருந்து படி ஏறின. கல்யாணமான புதிதில் லியாண்டர் படிக்கட்டை இடம் மாற்றியிருந்தான். பழைய படி அலமாரி இருக்கும் இடத்தில்தான் இருந்தது. ஜாடிகள் ஒன்றோடொன்று இலேசாக இடித்துக்கொண்டன. தலைக்கு மேலே கிழக்கறைக் கட்டில் கிரீச்சிட்டது.

வெளியூர் ஆளாக இருந்தால் தட்டியிருப்பாள். தட்டாமல் வந்தவள் வீட்டைச் சேர்ந்தவள். அப்படியானால் இத்தனை வருஷமாக இங்கே இருக்கிற தான் யார்?

செலினா கத்தியை வைத்துவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினாள். சரிவில் இறங்கினால் கார்லண்ட் வீடு. அங்கிருந்து மரீனாவுக்குப் பேசலாம். ஆனால் இப்போது இறங்கினால் மறுபடி ஏறமாட்டோம் என்று அவளுக்குத் தெரிந்தது. தன் வாசலில் நின்று, வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் கதவைத் தட்டினாள்.

அலமாரிக்குள் காலடிகள் இறங்கி வந்தன. கதவுக்கு அந்தப் பக்கம் அந்தக் குரல் கேட்டது.

"யாரு வீட்டுப் பொண்ணு?"

"வாழ வந்தவ. அடுப்ப அணையவிடாம பாத்துக்கிட்டவ."

காலடிகள் அடுப்புப் பக்கம் திரும்பின. பிறகு யாரோ கெட்டிலைத் தொட்டுப் பார்க்கும் ஓசை. ஒரு நாற்காலி இழுபட்டது. சற்றுப் பொறுத்து, இன்னொன்று.

கிழக்கறையை அவள் அதற்குப் பிறகு வாடகைக்கு விடவில்லை. கடைக்குப் போய் வந்தாலும் தன் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு, வாசலில் கொஞ்சம் நின்றுதான் உள்ளே போகிறாள். ஊரார் சிரிக்கிறார்கள். கார்லண்ட் மட்டும் சிரிப்பதில்லை. இப்போதெல்லாம் அவனும் தட்டுகிறான்.